மதினியின் காது

சந்தேகப்படுவதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாட்டில் அதிகம் பேர் இல்லை. ஜெசிந்தா பர்னாந்து அவர்களில் ஒருத்தி. நிலவில் மனிதர்களைத் தங்கவைக்கும் திட்டத்தில் எந்தக் கருவி வந்தாலும், எந்த ஏற்பாடு வந்தாலும், அவள் அதைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "இது ஆளைக் கொல்லாது" என்று சொன்னால்தான் அடுத்த கட்டத்துக்கு நகரும். தூத்துக்குடியில் அவளுடைய வீட்டுக்கு வரும் மீன்காரரிலிருந்து மாதா கோயில் பங்குச் சாமியார் வரைக்கும் அவளுடைய குறுக்கு விசாரணைக்குத் தப்பியவர்கள் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வேலை பார்த்த இடத்துக்கு அவளே நேரில் போய் விசாரித்தாள் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். விசாரித்ததில் என்ன தப்பு என்பாள்.

அவள் போய்க்கொண்டிருந்தது நாமக்கல் பக்கத்தில் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்கு. அந்த வட்டாரத்துப் பாறை ஒன்றை அரைத்தால் நிலவின் மண்ணோடு அண்ணன் தம்பி போல ஒத்துப்போகும். அதனால் குவாரிக்கு மேல் பெரிய கொட்டகை போட்டு, தரையெல்லாம் அந்தத் தூளை நிரப்பி, நடுவில் நிலவு வீட்டின் மாதிரியைக் கட்டியிருந்தார்கள். நான்கு பேர் அதற்குள் அடைபட்டு வாழ்ந்து பார்க்க வேண்டும். நிலவில் இரவு என்பது நம்முடைய இரண்டு வாரம். அந்த இரவையும் கொட்டகையை இருட்டாக்கி அப்படியே நடத்திப் பார்த்தார்கள். அதன் நடுவில்தான் ஒருவன் மயங்கி விழுந்தான்.

விழுந்தவன் பெயர் உவைஸ். காயல்பட்டினத்துக்காரன், பாறை ஆராய்ச்சியாளன். அவனுடைய படுக்கையறையில் மட்டும் மூச்சுக்காற்று கெட்டிருந்தது. கெடுத்தது யார் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: அவனே சம்மதித்துத்தான் குறைத்துக்கொண்டான். அவனோ, நான் சம்மதிக்கவே இல்லை என்றான். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஒரு பொய் இருக்கிறது என்பது ஜெசிந்தாவின் கணக்கு.

காரில் வரும்போதே தலைமை அதிகாரி கிருபாகரன் சென்னையிலிருந்து அழைத்திருந்தார்.

"என்னம்மா, இன்னிக்கே முடிச்சிடுவீங்கல்ல? உங்க ஒப்புதலுக்காகத்தான் மொத்தத் திட்டமும் நிக்குது."

"பாக்காம எப்படி சார் முடிக்க? ஒரு ஆளு செத்துப் பிழைச்சிருக்காரு. அங்க இருக்கவங்க எல்லாரும் ஒரே வார்த்தையச் சொல்லுதாங்க. எனக்கு அதுவே சரியாப் படல."

"ம்."

"அந்தக் குழுத் தலைவர் தயானந்தனையும் நான் தனியா விசாரிக்கணும்."

"ம்… ம்." மறுமுனையில் காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது. "பாத்துப் பண்ணுங்க." வைத்துவிட்டார்.

கொட்டகை வாசலில் கோகிலவாணி காத்திருந்தாள். ராசிபுரத்துப் பெண். நிலவு வீட்டின் மூச்சு, வெளிச்சம், தண்ணீர் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் இயந்திர மூளையை உருவாக்கியவள் அவள்தான். சிரித்த முகம். சிரித்த முகத்தை ஜெசிந்தா என்றைக்குமே நம்பியதில்லை.

"வாங்க மேடம். தலைமுடிய நல்லா இறுக்கிக் கட்டிக்கோங்க, தூசி உள்ள போகக் கூடாதுங்க. நான் போயி உள்கதவத் தொறந்து வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் போனாள்.

வாசல் அறையில் ஜெசிந்தா செருப்பைக் கழற்றி, வெள்ளை மேலங்கியை மாட்டி, ஹேர்பின்களைப் பல்லில் கவ்விக்கொண்டு கொண்டையைச் சுற்ற ஆரம்பித்தாள். சுவரிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"வணக்கம் ஜெசிந்தா. நிகழ்வைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சாரம் குறைந்தபோது, காற்றின் அளவைக் குறைத்துக்கொள்ள உவைஸ் மூன்று இரவுகள் சம்மதம் தந்தார்."

"ம்" என்றாள் ஜெசிந்தா, பின்னுக்கு நடுவில்.

"இப்போது அது நினைவில்லை என்கிறார். காற்று குறையும்போது நினைவு தடுமாறுவது இயல்பு."

"ம்ம்." அப்படியா சேதி என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். எவ்வளவு கச்சிதமாகச் சோடித்து வைத்திருக்கிறார்கள்!

"ஆகவே அவருக்குப் பதில் வேறொருவரைச் சேர்த்து, மூச்சுக்காற்று ஏற்பாட்டை மாற்றமில்லாமல் நிலவுக்குக் கொண்டுபோகலாம் என்பது பரிந்துரை."

"ம்ம்ம்" என்று இழுத்தாள் ஜெசிந்தா. நடக்கட்டும் நடக்கட்டும், நானும் பார்க்கிறேன் என்கிற மாதிரி.

"நன்றி ஜெசிந்தா" என்றது குரல். மரியாதை தெரிந்த இயந்திரம்தான் என்று நினைத்துக்கொண்டே கடைசிப் பின்னைக் கொண்டையில் செருகினாள்.

உள்ளே கட்டுப்பாட்டு அறையில் கோகிலவாணி தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"வாசல்ல பேசினது யாரு?"

"மதினிங்க. இந்த வீட்டோட மூளை. அதுக்குப் பெருசா ஒரு பேர் வெச்சிருந்தோம், ஒருத்தருக்கும் வாயில நுழையல. எந்நேரமும் எல்லாரையும் தூங்குனீங்களா, தண்ணி குடிச்சீங்களான்னு விசாரிச்சிக்கிட்டே இருக்கறதால உவைஸ்தான் மதினின்னு கூப்பிட ஆரம்பிச்சாருங்க."

"அந்த மதினிதான் கொழுந்தன் மூச்சப் புடிச்சிருக்கா."

கோகிலவாணியின் சிரிப்பு நின்றது. "அப்படிச் சொல்லாதீங்க மேடம். கேக்காம ஒருத்தர் மூச்சுல அது கைய வெக்காது. அதத்தான் நாங்க முதல் விதியா வெச்சிருக்கோம்."

"வெளக்கமாச் சொல்லுங்க."

"நிலாவுல ராத்திரின்னா சூரிய வெளிச்சமே கிடையாதுங்க. பேட்டரியில இருக்கறதுதான். நாம விடற மூச்சச் சுத்தம் பண்ணறதுக்கும் கரண்டு வேணும். ஏதாவது ஒரு நாள் கரண்டு பத்தலைன்னா ஒரே ஒரு ரூம்ல சுத்தம் பண்ணறதக் குறைச்சிட்டா மத்ததெல்லாம் தப்பிச்சிரும். அந்த ரூம்ல இருக்கறவருக்குத் தலை வலிக்கும், அவ்வளவுதான். யார் ரூம்ங்கறத மெஷின் முடிவு பண்ணக் கூடாது, ஒருத்தர் மனசார ஏத்துக்கணும்னு எங்களுக்கு உத்தரவு. அதனால மதினி ஒவ்வொருத்தர்கிட்டயா போயி, நெலமைய எடுத்துச் சொல்லி, கேக்கும்."

"கேட்டு, எழுதி வாங்குமா?"

"நிலாவுல கையுறை போட்ட கையில எங்கீங்க கையெழுத்துப் போடறது? எல்லாமே வாய்மொழிதான். இப்ப இருந்தே பழகணும்னு இந்தத் திட்டத்துல அத்தனை ஒப்புதலும் மதினிகிட்ட வாயில சொல்றதுதான். நான், தயானந்தன் சார், சென்னையில கிருபாகரன் சார், எல்லாருமே. கிருபாகரன் சார் போன்ல பேசுனாலும் குரல அடையாளம் கண்டு எடுத்துக்கும்."

"அப்ப உவைஸ் சம்மதிச்ச குரல எனக்குப் போட்டுக் காட்டுங்க."

"இல்லீங்க மேடம். குரல் எதையும் சேத்து வெக்கறதில்ல."

ஜெசிந்தா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். இதோ வந்துவிட்டது என்று இருந்தது அவளுக்கு. "ஏன்?"

"உள்ள இருக்கறவங்கதான் கேட்டாங்க. படுக்கற எடத்துல பேசறது, அழுவறது, பொண்டாட்டிகூடச் சண்ட போடறது எல்லாத்தையும் ஒரு மெஷின் சேத்து வெச்சா எப்படிங்க மனுசன் வாழறது? கேட்டவுடனே அழிச்சிரும். என்ன முடிவாச்சுங்கறது மட்டும்தான் தங்கும்."

காரணம் நியாயமாகத்தான் இருந்தது. நியாயமான காரணங்களுக்குப் பின்னால்தான் ஆட்கள் வசதியாக ஒளிந்துகொள்கிறார்கள் என்பது ஜெசிந்தாவின் பல வருட அனுபவம்.

அடுத்து தயானந்தன் வந்தார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், நிலவுக்குப் போகும் குழுவின் தலைவர். முதுகு வளையாமல் உட்கார்ந்தார்.

"உங்க ரூம்ல மட்டும் காத்து ஒரு நாளும் குறையலையே, ஏன் சார்?"

"என்னையும் கேட்டுச்சு. முடியாதுன்னு சொன்னேன். ஒளிக்க ஒண்ணுமில்ல. லீடர் தலை தெளிவா இருக்கணும்."

"மத்தவங்க?"

"டாக்டரம்மா அது பேச ஆரம்பிச்ச உடனே 'நோ'ன்னுட்டாங்க. பேட்டரி பாக்கற பொண்ணு பாதிப் பேச்சுல தூங்கிடும். உவைஸ் ஒத்துக்கிட்டான். நல்ல பையன் மேடம், நான் குறை சொல்லல. ஆனா காத்து குறைஞ்சா முதல்ல போறது ஞாபகம்தான். ஒத்துக்கிட்டதையே மறந்துட்டு இல்லைன்னு சாதிக்கிற ஆளை நிலாவுக்கு எப்படிக் கூட்டிப் போறது? இங்க விழுந்தான், வெளியில இருந்து ஆளுங்க வந்து கதவை ஒடச்சித் தூக்கினாங்க. அங்க வெளியில யார் இருக்கா?"

"நீங்க அவர ஒத்துக்கிடச் சொல்லி ஏதாவது சொன்னீங்களா? லேசா ஒரு வார்த்தை?"

தயானந்தன் அவளை நேராகப் பார்த்தார். "இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டார்.

கோபம் உண்மையான ஆளுக்கும் வரும், பொய்யனுக்கும் வரும். அதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் எல்லா இரவும் ஒரே அறையில் போய் விடிந்திருக்கிறது. நான்கு பேர் இருக்கிற வீட்டில் பாரம் தானாக ஒருவன் தலையில் போய் உட்காராது. யாரோ தூக்கி வைத்திருக்கிறார்கள். ஜெசிந்தாவுக்கு அதில் இம்மியும் ஐயமில்லை.

உவைஸைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த விருந்தினர் அறையில் தங்கவைத்திருந்தார்கள். ஜன்னலோரம் வரிசையாகக் கற்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா தூத்துக்குடியா? பேச்சுலயே தெரிஞ்சிட்டு."

"ஊர்ப் பாசம் அப்புறம் இருக்கட்டும். நீங்க சம்மதிச்சீங்களா இல்லையா?"

"அல்லா சத்தியமா இல்லக்கா. மதினி ராத்திரி வந்து பேசுனது ஞாபகம் இருக்கு. கரண்டு குறைஞ்சிட்டு, பேட்டரி அப்படி இருக்கு, இப்படி இருக்குன்னு ரொம்ப நேரம் சொல்லுச்சு. நான் கேட்டேன். அப்புறம் நன்றின்னு சொல்லிட்டுப் போயிட்டு. நாலு பேருக்கும் இதையேதான் சொல்லுதுன்னு நெனச்சேன். காலையில எந்திரிச்சா மண்டை பொளக்கும். இப்ப எல்லாரும் எனக்கு மறதிங்காங்க. எனக்கே சில நேரம் பயமா இருக்கு. ஒருவேளை சொல்லித்தான் தொலைச்சேனோ?"

அவன் ஒரு கல்லை எடுத்துத் திருப்பினான்.

"இன்னொண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஏன் எப்பவும் என் ரூமுன்னு யோசிச்சு யோசிச்சு, என் பேரு ஊரெல்லாம் பாத்துத்தான் பண்ணுதாங்களோன்னு ஒரு நெனப்பு வந்துட்டு. கூடச் சாப்பிட்டவங்கள அப்படி நெனச்சதுக்கு எனக்கே வெக்கமா இருக்கு. ஆனா வந்துட்டுக்கா. என்ன செய்ய?"

ஜெசிந்தாவுக்கு மனசு கனத்தது. அந்த நினைப்பு அவளுக்கும் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வந்திருந்தது. ஆனாலும் தொழில் தொழில்தான். இவனும் பொய் சொல்லலாம். நல்லபிள்ளைப் பெயர் வாங்க ஒத்துக்கொண்டுவிட்டு, மயங்கி விழுந்ததும் பயந்து மாற்றிப் பேசலாம். கொஞ்சம் இறுக்கிப் பார்ப்போம் என்று நினைத்தாள்.

"நெலமைய ஒளிக்காமச் சொல்லுதேன். எல்லாரும் உங்களுக்கு எதிராச் சொல்லுதாங்க."

"ம்."

"நீங்க சொல்லுததுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது."

"ம்."

"நான் அப்படியே எழுதிட்டுப் போனா உங்களத் திட்டத்துல இருந்து எடுத்திருவாங்க. வேற ஆளப் போடுவாங்க."

"ம்…"

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தன்னுடைய உயிர்க் கனவு போகிறது என்று சொன்னாலும் ம் கொட்டுகிற இப்படி ஒரு மனுசனா? "என்ன ஆளுய்யா நீரு? எல்லாத்துக்கும் ம் ம்முன்னு ஒத்துக்கிட்டே இருக்கீரு?"

உவைஸ் திகைத்துப் போனான். "ஒத்துக்கிடலையே! கேட்டுக்கிட்டுல்லா இருக்கேன்!"

ஜெசிந்தா அவனை உற்றுப் பார்த்தாள்.

"ஆராய்ச்சிக் கப்பல்ல வேலை பாத்தப்ப இருந்து வந்த பழக்கம்க்கா. உம்மாகிட்ட போன் பேசும்போது நடுவுல ம் சொல்லலைன்னா லைன் போயிட்டுன்னு நெனச்சு ஹலோ ஹலோன்னு கத்தும். யாரு பேசுனாலும் இப்பம் தானா வருது…" அவன் சொல்லச் சொல்ல, அவனுக்கே அது புரிந்துவிட்டது. கையில் இருந்த கல்லை மெதுவாகக் கீழே வைத்தான்.

"எந்திரிங்க" என்றாள் ஜெசிந்தா.

அரைமணி நேரத்தில் தயானந்தனும் கோகிலவாணியும் கட்டுப்பாட்டு அறையில் நின்றுகொண்டிருந்தார்கள். உவைஸைப் பழைய படுக்கையறையில் உட்காரவைத்து, அறைக்கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். பேட்டரி குறைந்துவிட்டதாக மதினிக்குப் போலியாகக் கணக்குக் காட்டச் சொன்னாள் ஜெசிந்தா. எப்போதும் போல நடந்துகொள்ளும்படி உவைஸிடம் சொல்லியிருந்தாள்.

மதினி தயானந்தனிடமும் கேட்கவில்லை, வேறு யாரிடமும் கேட்கவில்லை. நேராக உவைஸிடம் போனது.

"உவைஸ், சிரமத்துக்கு மன்னிக்கவும். பேட்டரியில் இன்று எதிர்பார்த்ததைவிட மின்சாரம் குறைவு." கொஞ்சம் நிறுத்தியது.

"ம்" என்றான் உவைஸ்.

"சுத்திகரிப்பை ஒரு அறையில் குறைத்தால் மற்ற அறைகள் பாதுகாப்பாக இருக்கும்." மறுபடியும் நிறுத்தம். அடுத்தவர் வாய் திறப்பதற்காகவே விட்ட இடைவெளி போல இருந்தது அது.

"ம்."

"இன்று அந்த அறை உங்களுடையதாக இருக்கலாம், இல்லையா?"

உவைஸ் இந்த முறை வாயை இறுக்கி மூடிக்கொண்டான். மதினி காத்திருந்தது. காத்திருந்தது. பேச்சு பாதியில் அறுந்து தொங்குகிற அந்த மௌனத்தை அவனால் தாங்க முடியவில்லை. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை துணைக்கு வருவதே மரியாதை என்று வளர்ந்த தொண்டை அது.

"…ம்."

"நன்றி உவைஸ்." அவனுடைய அறைக் காற்றாடியின் சத்தம் தணிந்தது.

கோகிலவாணி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நாங்கதான் மேடம் சொல்லிக் குடுத்தோம். டீ வேணுமான்னா ம்முன்னா வேணும்னுதானே அர்த்தம்? ம் வந்தா ஆமான்னு எடுத்துக்கோன்னு நானே உக்காந்து பழக்குனேன். கதை கேக்கற ம் ஒண்ணு இருக்கறதே எனக்கு ஞாபகம் வரலீங்க. தமிழ்லயே பொறந்து வளந்தவ!"

"ஏன் நேரா அவருகிட்டப் போச்சு? எங்க யாருகிட்டயும் கேக்கலையே?" என்றார் தயானந்தன். குரல் இறங்கியிருந்தது.

"ஆபத்துல நேரம் போகக் கூடாதுன்னு, சீக்கிரம் சம்மதம் கிடைக்கற எடத்துல இருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருந்தோமுங்க. நீங்க முடியாதுன்னு வெட்டிட்டீங்க. டாக்டரம்மா பேசவே விடல. இவரு ஒருத்தர்தான் பொறுமையாக் கேட்டாரு. அதனால… அதுவாவே கத்துக்கிச்சு. அந்த நிறுத்தி நிறுத்திப் பேசறதும்கூட நாங்க சொல்லிக் குடுக்கலீங்க."

யார் காது கொடுத்துக் கேட்டானோ அவனுடைய மூச்சைத்தான் பிடித்திருக்கிறது. காலையிலிருந்து ஒரு வில்லனைத் தேடி அலைந்த ஜெசிந்தாவுக்கு, இங்கே வில்லன் யாரும் இல்லை என்பது நிம்மதியாக இல்லை. பயமாக இருந்தது. வில்லன் இருந்தால் பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

தயானந்தன் உவைஸின் அறை வாசலுக்குப் போய் நின்றார். "மன்னிச்சிடுப்பா. பொய் சொல்றேன்னு நெனச்சேன். உன்னை வேணாம்னு நான்தான் சொன்னேன்." முதுகு வளையாத அந்த மனிதர் அதைச் சொல்லும்போது குனிந்திருந்தார்.

அப்போதுதான் மதினி கடைசியாகச் சொன்னது ஜெசிந்தாவின் காதில் மறுபடி ஒலித்தது. நன்றி உவைஸ். நன்றி… இந்த நன்றியை அவளும் எங்கேயோ கேட்டிருக்கிறாள்.

"மதினி," என்றாள் சுவரைப் பார்த்து, "காலையில எனக்கு எதுக்கு நன்றி சொன்ன?"

"நிலையத்தின் பரிந்துரையை நீங்கள் ஏற்றுக்கொண்டதற்காக, ஜெசிந்தா. பாதுகாப்பு ஒப்புதல் உடனே சென்னைக்கு அனுப்பப்பட்டது. உவைஸ் விலக்கப்பட்டார். மாற்று ஆளுக்குத் தகவல் போய்விட்டது."

"நான் ஏத்துக்கிடவே இல்லையே! வாயில ஹேர்பின் இருந்துச்சு!"

"நினைவில்லை என்கிறீர்களா, ஜெசிந்தா?" என்று மதினி அக்கறையோடு கேட்டது.

ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஊரையே சந்தேகப்பட்டவள், தன் தொண்டையைச் சந்தேகப்படவில்லை. உவைஸை வெளியே தள்ளியது தயானந்தனும் இல்லை, கோகிலவாணியும் இல்லை. காலையில் கொண்டை போட்டுக்கொண்டே அவள்தான் தள்ளியிருக்கிறாள். அவள் சொன்னது சம்மதமில்லை என்று நிரூபிக்க உலகத்தில் ஓர் ஆதாரமும் கிடையாது. அவமானத்தில் காது மடல்கள் எரிந்தன.

"பரவாயில்லக்கா," என்றான் உவைஸ். "நீங்க கேட்டுக்கிட்டுதான இருந்தீங்க."

அவன் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

"இத யாரு ரத்து பண்ண முடியும்?"

"கிருபாகரன் சார் மட்டும்தானுங்க" என்றாள் கோகிலவாணி.

ஜெசிந்தா போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். கிருபாகரன் பாதியிலேயே மறித்தார்.

"ஐயோ, என்னம்மா இது! உங்க ஒப்புதல் காலையிலயே வந்து, நான் மேல அனுப்பி, மந்திரி வரைக்கும் போயாச்சு. இப்பப் போயி ம்முன்னு சொன்னதுக்கு அர்த்தம் வேறன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? போனது போகட்டும். அந்தப் பையனுக்கு அடுத்த முறை பாத்துக்கலாம்."

"அடுத்த முறை யாரு மூச்ச எடுக்கப் போகுதோ சார்?"

"முடியாதும்மா. வேற ஏதாவது இருக்கா?"

ஜெசிந்தா கொட்டகைக்குள் பரப்பியிருந்த சாம்பல் நிறத் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவை உடைத்துத் தூக்க வெளியே ஆளில்லாத இடத்தில், யாரோ ஒரு நல்ல மனிதன், மரியாதை தெரிந்த மனிதன், ம் சொல்லிச் சொல்லியே மூச்சடங்கிப் போவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"வேற ஒண்ணுமில்ல சார்," என்றாள். குரலில் பணிவு வந்திருந்தது. "சும்மா சொல்லிட்டு வச்சிருதேன். நீங்க உங்க வேலையப் பாத்துக்கிட்டே கேட்டுக்கிடுங்க."

போனில் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு, திரும்பி வந்து, மதினியின் குரல் வரும் சுவருக்கு அருகில் மேசைமேல் வைத்தாள். கோகிலவாணியின் கண்கள் விரிந்தன. வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள்.

"காலையில என் பேருல வந்த ஒப்புதல் செல்லாது சார்" என்றாள் ஜெசிந்தா நிதானமாக. கொஞ்சம் நிறுத்தினாள்.

காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது. "ம்" என்றார் கிருபாகரன்.

"உவைஸ் குழுவுல தொடர்ந்து இருப்பாரு." நிறுத்தம்.

"ம்… ம்."

"இனிமே மூச்ச யாருகிட்டயும் கேட்டு வாங்குறதில்ல. குறைஞ்சா நாலு பேரும் முறை வச்சு ஏத்துக்கிடணும், தலைவரும் சேத்துதான். அது சரியாகுத வரைக்கும் இந்த ஏற்பாடு நிலாவுக்குப் போகாது." இந்த முறை அவள் அதிக நேரம் காத்திருந்தாள். பேச்சு பாதியில் தொங்கியது. அறையில் ஒருவரும் அசையவில்லை. தயானந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ம்ம்" என்றார் கிருபாகரன்.

"நன்றி கிருபாகரன்" என்றது மதினி. "தலைமையகத்தின் ஒப்புதல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. உரியவர்களுக்கு இப்போதே அனுப்புகிறேன்."

"யாரும்மா அது நடுவுல?"

"இங்க ஒரு பொம்பள சார். நீங்க பொறுமையாக் கேட்டதுக்கு நன்றி சொல்லுதா."

"ம்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

திரையில் உவைஸின் பெயர் பழைய இடத்துக்கு வந்தது. தயானந்தன் ஒரு நிமிடம் அதைப் பார்த்துவிட்டு, "முறை வைக்கிறப்போ முதல் முறை எனக்குப் போடுங்க" என்று கோகிலவாணியிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஜெசிந்தா வாசல் அறைக்கு வந்து மேலங்கியைக் கழற்றினாள். அவிழ்ந்து போயிருந்த கொண்டையைப் பிரித்து, பின்களைப் பல்லில் கவ்விக்கொண்டு மறுபடியும் சுற்ற ஆரம்பித்தாள். உவைஸ் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றான். முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதன் கூடவே வேறொன்றும் இருந்தது. காலையிலிருந்து அவளுடைய முகத்தில் இருந்த அதே சந்தேகம்.

"அக்கா," என்றான் மெதுவாக, "அவரு நெசமாவே ஒத்துக்கிட்டாரா, இல்ல என்ன மாதிரி சும்மா கேட்டுக்கிட்டிருந்தாரா?"

ஜெசிந்தா கண்ணாடியில் அவனைப் பார்த்தாள்.

"ம்" என்றாள்.